முதல் ஊசி எப்போது, முதலில் எதைத் தைப்பது: பக்கத்து வீட்டு யூதப் பிள்ளைகளோடு தைக்கப்போகும் ஓர் அம்மாவுக்கு

கேள்வி: "நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4. பக்கத்து வீட்டு யூதக் குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளும் (8, 5) பள்ளி விட்டதும் என் வீட்டில்தான் இருப்பார்கள். அம்மாவிடம் கற்ற கைத்தையல் தெரியும், மெஷின் இல்லை. நான்கு பேரையும் உட்காரவைத்து அவர்களுடைய பண்டிகைகளுக்கு ஏதாவது தைக்கலாம் என்று ஆசை. எந்த வயதில் ஊசி கொடுக்கலாம்? தெரியாமல் அவர்கள் வழக்கத்துக்கு விரோதமாக எதையாவது செய்துவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது."

நான் எடிசனில் பதினொரு வருடமாக என் வீட்டிலேயே பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு வேளைக்கு ஆறு பேர். பாதிப் பேர் நம் பிள்ளைகள். மீதிப் பேர் பக்கத்து ஊரான ஹைலண்ட் பார்க்கிலிருந்து வரும் யூதப் பிள்ளைகள். வகுப்பை ஞாயிற்றுக்கிழமை வைத்ததே அவர்களுக்காகத்தான். சனிக்கிழமை அவர்கள் ஊசியைத் தொடமாட்டார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தாராளமாகச் செய்யுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: பண்டிகையன்று யாராவது கையில் எடுத்துப் பயன்படுத்தப் போகிற பொருளாகத் தைக்கவையுங்கள். பசை போட்டு ஒட்டி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பத்து நாள் தொங்கிவிட்டுக் குப்பைக்குப் போகிற வேலைப்பாடுகள் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டன. தான் தைத்த துணியை வெள்ளிக்கிழமை இரவு அப்பா ரொட்டியின் மேல் போர்த்துவதைப் பார்த்த பிள்ளை, அடுத்த வாரம் தானாகவே வந்து "இதைவிட நேராகத் தைப்பது எப்படி?" என்று கேட்கும். அந்தக் கேள்வி பிள்ளையிடமிருந்து வரும்வரை நேர்த்தியைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை.

இதற்கு யூத வீடுகளைப் போல வசதியான இடம் கிடையாது. அவர்களுடைய பண்டிகைகளில் பெரும்பகுதி கோயிலில் நடப்பதைவிட வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் நடக்கும். ரொட்டிக்கு ஒரு மூடுதுணி, வாசனைப் பொருளுக்கு ஒரு பை, பெஸாக் (பாஸ்கா) பண்டிகையில் சாப்பிடும் மாட்ஸா என்ற புளிக்காத ரொட்டிக்கு மூன்றறை உறை என்று மேசைக்கே எத்தனையோ துணிகள் வேண்டும். அவற்றை அழகாகச் செய்வதையே ஒரு கடமையாக அவர்கள் நினைக்கிறார்கள். 'ஹித்தூர் மித்ஸ்வா' என்பார்கள்: கட்டளையை நிறைவேற்றினால் மட்டும் போதாது, அதை அழகுபடுத்தியும் செய்ய வேண்டும் என்று அர்த்தம். ஐந்து வயதுப் பிள்ளை போட்ட கோணல் தையல் அந்த மேசையில் வெள்ளிக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். யாரும் அதை எடுத்து ஒளித்துவைப்பதில்லை.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகனுக்கு நான்கு வயதுதானே. அவனுக்கு அட்டை போதும். தானியப் பெட்டி அட்டையில் மாதுளை வடிவம் வெட்டி, ஓரத்தில் ஒரு விரல் இடைவெளியில் துளை போட்டு, ஷூ லேஸைக் கொடுங்கள். நூல் மேலே வந்தால் கீழே போக வேண்டும், கீழே போனால் மேலே வர வேண்டும் என்பதைக் கை கற்றுக்கொள்வதுதான் அவனுக்கு அடிப்படைப் பாடம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு முனை மழுங்கிய பெரிய ஊசியும் கம்பளி நூலும், சாக்குத் துணி மாதிரிக் கண்கள் பெரிதாகத் தெரிகிற துணியும் கொடுக்கலாம். ஏழு எட்டு வயதில் கூர்மையான ஊசியைத் தயங்காமல் கொடுங்கள். மழுங்கிய ஊசியை வைத்துக்கொண்டு ஃபெல்ட் துணியோடு மல்லுக்கட்டும் பிள்ளைதான் அதிகமாகக் குத்திக்கொள்கிறது, ஏனென்றால் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. கூர் ஊசி வெண்ணெயில் போவதுபோல் போகும். ஊசிக்காது பெரிதாக இருக்கட்டும். ஒன்றிரண்டு முறை விரலில் குத்தத்தான் செய்யும். துணியில் ரத்தப் பொட்டு விழுந்தால் உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை நின்றுவிடும்.

நூலின் நீளம் பிள்ளையின் தோளிலிருந்து விரல் நுனி வரை. அதற்கு மேல் போனால் சிக்கு விழும், பிள்ளைக்கு அழுகை வரும். எம்பிராய்டரி நூல் கண்டில் ஆறு இழை இருக்கும், மூன்றைப் பிரித்தெடுத்தால் ஃபெல்ட்டுக்குச் சரியாக இருக்கும். சின்னவர்களுக்கு நூலை ஊசிக்காதில் கோர்த்து அங்கேயே ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பத்துத் தையலில் எட்டு முறை ஊசி உருவிக்கொண்டு வந்துவிடும். எல்லாப் பிள்ளைகளும் செய்கிற ஒரே தப்பு, துணியின் ஓரத்தைச் சுற்றி நூலைக் கொண்டுவருவது. மேலே போன ஊசியை அதே பக்கமாகக் கீழே செலுத்தாமல் விளிம்பைச் சுற்றி வந்துவிடுவார்கள். வட்ட ஃபிரேமில் துணியை இழுத்து மாட்டிக்கொடுத்தால் இது பாதி குறையும், விளிம்பு கைக்கு எட்டாது அல்லவா. இடதுகைப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்காராமல் எதிரில் உட்கார்ந்து காட்டுங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் உங்கள் கையை அப்படியே பார்த்துச் செய்யும்.

உட்காரும்போது ஊசிகளை எண்ணுங்கள், எழுந்திருக்கும்போதும் எண்ணுங்கள். என் மேசையில் ஒரு காந்தம் எப்போதும் இருக்கும். ஒரு ஊசி குறைந்தாலும் ஆறு பேரும் எழுந்திருக்கக் கூடாது என்பது மட்டும்தான் என் வகுப்பில் நான் கறாராக இருக்கும் விதி. உங்கள் வீட்டில் நான்கு வயதுக்காரன் வெறுங்காலோடு ஓடுவான், மறந்துவிடாதீர்கள்.

முதல் வேலையாக வாசனைப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் ஷப்பாத் என்கிற ஓய்வுநாள் முடிகிறது. அப்போது வீட்டில் 'ஹவ்தாலா' என்று ஒரு சிறிய சடங்கு நடக்கும்: ஒரு கிண்ணம் திராட்சை ரசம், பல திரிகளைப் பின்னிச் செய்த மெழுகுவத்தி, முகர்வதற்கு வாசனைப் பொருள். ஷப்பாத்தன்று மனிதனுக்குக் கூடுதலாக ஓர் உயிர் கிடைக்கிறது, அது விடைபெற்றுப் போகும்போது வருகிற சோர்வுக்கு இந்த வாசனை ஆறுதல் என்று அவர்கள் சொல்வார்கள். அந்த வாசனைப் பொருளுக்குப் பெயர் 'பெஸாமிம்'. பல வீடுகளில் அது என்ன தெரியுமா? கிராம்பும் பட்டையும்தான். உங்கள் அஞ்சறைப் பெட்டியிலிருந்தே எடுத்துக்கொடுக்கலாம், ஏலக்காயும் சேர்க்கலாம்.

நான்கு அங்குலச் சதுரமாக இரண்டு பருத்தித் துண்டு வெட்டுங்கள். ஒன்றின் நல்ல பக்கத்தில் பிள்ளை தன் விருப்பப்படி ஏதாவது தைக்கட்டும்: ஒரு நட்சத்திரம், தன் பெயரின் முதல் எழுத்து, வெறும் கோடு, எதுவானாலும் சரி. பிறகு நல்ல பக்கங்கள் இரண்டும் உள்ளே இருக்கும்படி வைத்து, மூன்று பக்கம் ஓட்டுத் தையல், திருப்பிவிட்டு ஒரு கைப்பிடி கிராம்பும் பட்டையும் போட்டு, நான்காவது பக்கத்தை உள்ளே மடித்து மூட வேண்டும். தையல் கால் அங்குலத்துக்கு மேல் நீண்டால் கிராம்பு வெளியே எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான். எட்டு வயதுப் பிள்ளை ஒரு மாலையில் முடித்துவிடும். அந்த வாரமே அது பயனுக்கு வந்துவிடும் என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு: உங்கள் மகள் மூக்கில் வைத்ததும் "இது பிரியாணி வாசனை" என்பாள், பக்கத்து வீட்டுப் பிள்ளை "இது ஹவ்தாலா வாசனை" என்னும். என் வகுப்பில் இந்தச் சண்டை ஒவ்வொரு வருடமும் நடக்கும். இரண்டு பேரும் சொல்வது சரிதான்.

நம் பக்கத்துக்கு உண்மையாகவே ஒரு தொடர்பு இதில் இருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்துக்குப் போகிற தெருவில் மசாலா வியாபாரமும் யூதக் குடும்பங்களும் ஒன்றாகவே இருந்தன. அந்தத் தெருவில் சாரா கோஹன் என்ற அம்மையார் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். ரொட்டி மூடுதுணி, ஆண்கள் தலையில் வைக்கும் கிப்பா என்று கையால் எம்பிராய்டரி செய்து விற்றார். 2019-இல் தம் 96-ஆம் வயதில் காலமானார். கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களிலேயே இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அவர் கடைசிவரை அங்கேயே இருந்தார். முதுமையில் அவரைப் பார்த்துக்கொண்டதும் கடையை நடத்தியதும் ஒரு முஸ்லிம் குடும்பம். நம் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். யூதத் தையல் என்றதும் எங்கோ இருப்பது என்று நினைக்கிற பிள்ளைக்கு, கோயம்புத்தூரிலிருந்து ஒரே நாளில் போய்வந்துவிடக்கூடிய தூரத்தில் அது நடந்தது என்று தெரியட்டும்.

இரண்டாவது வேலை ரொட்டி மூடுதுணி. இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள். வெள்ளிக்கிழமை இரவு மேசையில் 'ஹல்லா' என்ற பின்னல் ரொட்டி இரண்டு இருக்கும். அவர்கள் முன்னோர் எகிப்திலிருந்து வெளியேறிப் பாலைவனத்தில் நடந்தபோது வானிலிருந்து மன்னா என்ற உணவு விழுந்தது, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இரண்டு பங்கு விழுந்தது என்பது அவர்கள் வேதத்தில் உள்ள செய்தி. இரண்டு ரொட்டி அதன் நினைவு. மன்னாவுக்கு மேலும் கீழும் பனி மூடியிருந்தது என்பதால் ரொட்டிக்கும் மேலே துணி. இன்னொரு காரணமும் சொல்வார்கள், பிள்ளைகளுக்குப் பிடித்தது அதுதான். வழக்கமாக முதல் ஆசீர்வாதம் ரொட்டிக்குத்தான் சேர வேண்டும். அன்றைக்கு மட்டும் திராட்சை ரசத்துக்கு முதலில் சொல்கிறார்கள். ரொட்டி அதைப் பார்த்து வெட்கப்படக் கூடாதே என்று மூடிவைக்கிறார்கள். ரொட்டிக்கே மனம் நோகக் கூடாது என்றால் மனிதருக்கு எவ்வளவு பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அவர்களாகவே புரிந்துகொள்வார்கள். நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

துணி 16-க்கு 20 அங்குலம் இருந்தால் இரண்டு ரொட்டிக்கும் போதும். துவைக்க வேண்டியிருக்கும், ஆகவே பருத்தி எடுத்து, வெட்டுவதற்கு முன் ஒரு முறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள். வெல்வெட் அழகுதான், ஆனால் பிள்ளைகள் கையில் வழுக்கும். நடுவில் 'ஷப்பாத்' என்ற சொல்லை எபிரேயத்தில் போடலாம். மூன்றே எழுத்து: ஷின், பெத், தாவ். எபிரேயம் வலமிருந்து இடம் எழுதுவது. அதனால் ஷின் வலது ஓரத்தில் வரும். நீங்கள் எழுத்துகளை அச்சிட்டுத் துணிக்கடியில் வைத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, தண்ணீரில் அழியும் பேனாவால் நல்ல பக்கத்திலேயே வரைந்துகொள்ளுங்கள். உள்பக்கத்தில் வரைந்தால் எழுத்து கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பிவிடும். நமக்கு எபிரேயம் பழக்கமில்லாததால் அந்தத் தப்பு நம் கண்ணில் படவே படாது. தைக்கத் தொடங்குமுன் எட்டு வயதுப் பிள்ளையிடமே "சரியாக வாசி பார்ப்போம்" என்று காட்டுங்கள். உங்களுக்குச் சொல்லித்தரும் இடத்தில் அந்தப் பிள்ளை உட்காரும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எழுத்துகளுக்குச் சங்கிலித் தையல் நன்றாக இருக்கும். வளைவுகளில் ஒத்துப்போகும், இடைவெளி விட்டாலும் அசிங்கமாகத் தெரியாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு 'பின்தையல்' (ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைச் சற்றுப் பின்னால் கொண்டுபோய்க் குத்துவது) போதும். மூலைகளில் திராட்சைக் கொத்து, கோதுமைக் கதிர், மாதுளை எது வேண்டுமானாலும் போடலாம். ஆறுமுனை நட்சத்திரம் போடுவது என்றால் இரண்டு முக்கோணத்தை ஒன்றின்மேல் ஒன்று தலைகீழாக வைத்தால் வந்துவிடும். "இது முருகன் கோயில் நட்சத்திரம்" என்று உங்கள் பிள்ளைகள் சொல்வார்கள். சொல்லட்டும். அறுகோண நட்சத்திரத்தை நாமும் அவர்களும் வேறு வேறு காரணத்துக்காகப் போற்றுகிறோம், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு இதில் குழப்பமே வருவதில்லை.

உங்கள் கை துறுதுறுக்கும், தெரியும். பிள்ளை தூங்கிய பிறகு கோணல் தையலைப் பிரித்து நேராக்கிவிடலாம் என்று தோன்றும். செய்யவே செய்யாதீர்கள். நான் ஆரம்ப காலத்தில் ஒரு முறை செய்தேன். அந்தப் பெண்குழந்தை அடுத்த வாரம் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "இது என் தையல் இல்லை, ஆன்ட்டி" என்றாள். ஒரே ஒரு எழுத்தைத்தான் மாற்றியிருந்தேன். விளிம்பு மடிப்பை நீங்கள் தையுங்கள், பிள்ளைக்கு அலுப்பான வேலை அது. பிள்ளையின் ஊசி போன இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஹனுக்கா என்கிற விளக்குப் பண்டிகை டிசம்பரை ஒட்டி வரும், எட்டு இரவு. பொத்தான் தைக்கக் கற்றுக்கொடுக்க இதைவிடப் பொருத்தமான சமயம் இல்லை. அடர்நீல ஃபெல்ட்டில் ஒன்பது கிளை விளக்கின் வடிவத்தை ஒட்டுத்துணியாக வைத்துத் தைத்து, ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு பொத்தான். மஞ்சள் ஃபெல்ட்டில் ஒன்பது சுடர் வெட்டி, ஒவ்வொன்றிலும் பொத்தான் நுழைகிற அளவுக்கு ஒரு கீறல். ஒன்பதாவது 'ஷமாஷ்', மற்றவற்றை ஏற்றும் விளக்கு. அதைச் சற்று உயரத்தில் வையுங்கள். முதல் இரவு ஷமாஷும் ஒரு சுடரும், இரண்டாம் இரவு இன்னொன்று கூட. புதிய சுடரை வலது ஓரத்திலிருந்து இடப்பக்கமாக ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போவார்கள். உண்மையான விளக்கு ஏற்றும்போது புதிதாகச் சேர்ந்ததை முதலில் ஏற்றி, இடமிருந்து வலம் வருவார்கள். துணி விளக்கு உண்மை விளக்குக்கு ஈடாகாது, நெருப்பில்தான் ஏற்ற வேண்டும். ஆனால் தீக்குச்சி தொடக் கூடாத நான்கு வயதுப் பிள்ளைக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தினமும் மாட்டிவிட ஒரு சுடர் கிடைக்கிறது.

அதே பண்டிகைக்குச் சுருக்குப்பை. ஆமாம், நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த அதே சுருக்குப்பைதான். ஹனுக்காவில் பிள்ளைகளுக்குத் தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசும் 'டிரைடல்' என்ற நான்முகப் பம்பரமும் கொடுப்பார்கள். இரண்டையும் போட்டுவைக்க ஒரு பை வேண்டும். பம்பரத்தின் நான்கு முகத்திலும் நூன், கிமெல், ஹே, ஷின் என்ற எழுத்துகள் இருக்கும். 'பெரிய அற்புதம் அங்கே நடந்தது' என்ற வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை. இஸ்ரேலில் விற்கும் பம்பரத்தில் ஷின்னுக்குப் பதில் பே, ஏனென்றால் அவர்களுக்கு 'இங்கே'. பையில் எழுத்துப் போடுவதானால் இங்குள்ள ஷின்னையே போடுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு சுருக்குப்பை தைத்துவிடுங்கள். நாடா கோர்க்க ஊக்கை நுழைத்து இழுக்கிற வித்தை அவர்களுக்கு ஒரு விளையாட்டு.

பூரிம் மார்ச் மாதத்தை ஒட்டி வரும். வேஷம் போடும் பண்டிகை. வேஷத்துணி தைப்பது பெரிய வேலை. கைத்தையலில் நான்கு பிள்ளைகளுக்கு முடியாது, கிரீடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒருவருக்காவது இரண்டு வகைத் தின்பண்டம் அனுப்ப வேண்டும் என்று ஒரு கடமை இருக்கிறது, 'மிஷ்லோஆக் மானோத்' என்று பெயர். தின்பண்டம் வைக்க ஒரு குட்டிக் கிண்ணத்தை ஐந்து வயதுப் பிள்ளையே தைத்துவிடும். ஆறு அங்குல வட்டமாகக் கெட்டி ஃபெல்ட் வெட்டி, மூன்று இடத்தில் விளிம்பைக் கிள்ளிப் பிடித்து, ஒவ்வொரு கிள்ளலிலும் நான்கு தையல் போட்டால் முக்கோணக் கிண்ணம் ஆகிவிடும். அந்தப் பண்டிகையின் 'ஹாமான்டாஷ்' பலகாரமும் அதே வடிவம்தான்.

பெஸாக்குக்கு மாட்ஸா உறை. என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது, பிள்ளைகள் கொஞ்சம் தேறிய பிறகு இரண்டாம் வருடத்தில் எடுங்கள். புளிக்காத ரொட்டி மூன்றை ஒன்றின்மேல் ஒன்று தனித்தனியாக வைக்க மூன்று அறை வேண்டும். மூன்று அறைக்கு நான்கு துணி. நான்கையும் தனித்தனியாக ஒரு பக்கம் மடித்துத் தைத்துவிட்டு, அடுக்கி, மற்ற மூன்று பக்கத்தையும் சேர்த்துத் தைக்க வேண்டும்; ஓரத்துக்கு பயாஸ் பட்டி (துணியைச் சாய்வாக வெட்டிய ஓரப்பட்டி) வைத்தால் எட்டு வயதுப் பிள்ளையின் தையலும் பிரியாமல் நிற்கும். அளவை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கடையில் பெட்டியில் வரும் மாட்ஸா சதுரம், ஏறக்குறைய 7 அங்குலம். கையால் செய்யும் மாட்ஸா வட்டமானது, 10 அங்குலத்துக்கு மேலேயே இருக்கும். சில வீடுகளில் இது, சிலவற்றில் அது. கேட்காமல் தைத்துக்கொண்டுபோய், பண்டிகை இரவு மாட்ஸா உள்ளே நுழையவில்லை என்றால் பிள்ளையின் முகம் என்னாகும்!

அதோடு 'அஃபிகோமன்' பையும் தைக்கலாம். அன்றிரவு நடுமாட்ஸாவை உடைத்துப் பெரிய துண்டை ஒரு பையில் போட்டு ஒளித்துவைப்பார்கள், பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தால்தான் சாப்பாட்டை முடிக்க முடியும். சில வீடுகளில் பிள்ளைகளே திருடி ஒளித்துவைத்துப் பரிசு கேட்டுப் பேரம் பேசுவார்கள். இரவு வெகுநேரம் பிள்ளைகளை விழித்திருக்கவைக்க இப்படி ஓர் ஏற்பாடு. தானே தைத்த பையைத் தானே தேடி அலைகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

பெஸாக் சமயத்தில் ஒரு எச்சரிக்கை. நாம் காகிதம் ஒட்ட மைதா பசை காய்ச்சுவோமே, அதை அந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். புளிக்கக்கூடிய தானிய மாவு எதுவும் அப்போது அவர்கள் வீட்டில் இருக்கக் கூடாது. மூலைமுடுக்கெல்லாம் துடைத்துச் சுத்தம் செய்திருப்பார்கள். மாவில் பிசைந்த விளையாட்டுக் களிமண்ணும் ஆகாது. ரொட்டி மூடுதுணியில் ஒட்டிய துகள்கூடப் புதிய மாட்ஸா உறையில் படாமல் தனியாக வைத்துத் தையுங்கள்.

ரோஷ் ஹஷானா என்கிற புத்தாண்டுக்கு மாதுளை வடிவக் குண்டூசி மெத்தை தைக்கலாம். மாதுளையில் 613 முத்து, வேதக் கட்டளைகளும் 613 என்று சொல்வார்கள். சிவப்புக் குண்டூசித் தலைகளே முத்துகளாகிவிடும். வருடம் முழுக்க உங்கள் தையல் பெட்டியிலேயே வேலை செய்யும். அடுத்து வரும் சுக்கோத் பண்டிகைக்கு வெளியே குடில் கட்டுவார்கள், தோரணம் கட்டத் தெரிந்த நமக்கு அதில் சொல்லித்தர எவ்வளவோ உண்டு; மழையில் நனையும் என்பதால் ஃபெல்ட் வேண்டாம், பளபளக்கும் மேசை ரெக்சினில் வெட்டுங்கள். ஷவுவோத் பண்டிகைக்குக் காகிதத்தை மடித்து வெட்டி ஜன்னலில் ஒட்டும் பழைய கிழக்கு ஐரோப்பிய வழக்கம் ஒன்று உண்டு; அது கத்தரிக்கோல் வேலை, தையல் இல்லை.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஷப்பாத்தில் செய்யக் கூடாத வேலைகள் என்று அவர்களுக்கு 39 வகை உண்டு. தைப்பது அதில் ஒன்று, கிழிப்பது ஒன்று, முடிச்சுப் போடுவது ஒன்று, எழுதுவதும் ஒன்று. பாலைவனத்தில் கூடாரக் கோயில் கட்டத் தேவைப்பட்ட வேலைகளிலிருந்து அந்தப் பட்டியல் வந்தது. அந்தக் கூடாரத்துத் துணிகளைத் தைத்ததும் பின்னியதும் வேதத்திலேயே விரிவாக இருக்கிறது. அவ்வளவு உயர்ந்த வேலையாக மதிப்பதால்தான் ஓய்வுநாளில் அதை நிறுத்துகிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குக் குறைந்தது 18 நிமிடத்துக்கு முன்பே விளக்கேற்றிவிடுவார்கள். ஆகவே வெள்ளியன்று தையலை எடுக்காமல் இருப்பதே நல்லது. பாதியில் நிற்கும் பிள்ளை "இன்னும் ஒரே தையல்" என்று கெஞ்சினால் உங்களுக்கும் அவர்கள் அம்மாவுக்கும் சங்கடம். பெஸாக், சுக்கோத் போன்ற பண்டிகைகளின் முதல் நாட்களும் கடைசி நாட்களும் அப்படித்தான். ஹனுக்காவிலும் பூரிமிலும் இந்தத் தடை இல்லை; ஹனுக்கா விளக்கு எரிகிற முதல் அரைமணி நேரம் பெண்கள் வேலை செய்யாமல் உட்காருவது ஒரு வழக்கம், பூரிம் பகலில் வேலையைத் தவிர்ப்பவர்களும் உண்டு.

கம்பளியும் லினனும் ஒரே துணியில் சேரக் கூடாது. 'ஷாட்னெஸ்' என்று பெயர், வேதத்தில் இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறது. முதன்மையாக உடுத்தும் துணிக்கான விதி. ஆனாலும் எதிலும் கலக்காமல் இருந்துவிடுங்கள். எனக்கு இது தெரியாத காலத்தில் லினனில் கம்பளி நூலால் ஒரு பை தைக்கவைத்தேன். பிள்ளையின் பாட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, மென்மையாகச் சொன்னார். பருத்தியும் சாதாரண அக்ரிலிக் ஃபெல்ட்டும் வாங்கினால் இந்தக் கவலையே இல்லை. கடவுளின் பெயரைத் துணியில் தைக்காதீர்கள். அந்தப் பெயர் உள்ள பொருளை அவர்கள் குப்பையில் போடமாட்டார்கள். கிழிந்துபோனாலும் தனியாகச் சேர்த்துவைத்து முறைப்படி புதைப்பார்கள். இணையத்தில் அழகாக இருக்கிறதே என்று ஏதாவது எபிரேய வாக்கியத்தை எடுத்துப் போடுமுன் அவர்கள் அம்மாவிடம் காட்டிவிடுங்கள். கேட்பதை யாரும் தவறாக எடுப்பதில்லை. வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும் என்பது அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

அந்த வீட்டில் தம்பியோ தங்கையோ பிறக்க இருந்தால் கடைசியாக ஒன்று. ஜெர்மன் யூதர்களிடம் 'விம்பெல்' என்று ஒரு வழக்கம். ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்யும் நாளில் சுற்றியிருந்த துணியை நீளவாக்கில் பட்டைகளாகக் கிழித்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, மூன்று நான்கு மீட்டர் நாடாவாக்கி, குழந்தையின் பெயரையும் பிறந்த நாளையும் 'தோராவுக்கும் (அவர்கள் வேதம்) திருமணப் பந்தலுக்கும் நற்செயல்களுக்கும் வளரட்டும்' என்ற வாழ்த்தையும் அதில் எம்பிராய்டரி செய்வார்கள். பிள்ளை முதன்முதலாக ஜெப ஆலயத்துக்குப் போகும்போது அந்த நாடாவைக் கொண்டுபோய்த் தோராச் சுருளைக் கட்டுவார்கள். எல்லா யூதக் குடும்பத்திலும் இது இல்லை. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஆச்சி ஞாபகம்தான் வந்தது. புதிதாகப் பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் சுற்றக் கூடாது, தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆன பழைய வேட்டியில்தான் சுற்ற வேண்டும் என்பார். என் வகுப்பில் ஒரு அக்காவும் அண்ணனும் தங்கள் தம்பிக்காக ஒரு விம்பெல் தைத்தார்கள். ஏழு மாதம் ஆனது. அக்கா தைத்த பகுதியில் எழுத்துகள் சின்னதாக நெருங்கியிருக்கும், அண்ணன் பகுதிக்கு வந்ததும் பெரிதாகப் பரவிவிடும்.

உங்களுக்கு இந்த வாரம் வேண்டியது: கால் கெஜம் வெள்ளைப் பருத்தி, இரண்டு கண்டு எம்பிராய்டரி நூல், பெரிய காது உள்ள கூர் ஊசி ஒரு பொட்டலம், மழுங்கிய ஊசி இரண்டு, ஐந்து அங்குல ஃபிரேம் இரண்டு, ஒரு காந்தம். கிராம்பும் பட்டையும் வீட்டிலேயே இருக்கும். திங்கட்கிழமை தொடங்கினால் வியாழனுக்குள் பைகள் தயார். சனிக்கிழமை இரவு ஹவ்தாலாவுக்கு அவர்கள் உங்களையும் பிள்ளைகளையும் கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறேன், கூப்பிட்டால் போய்வாருங்கள்.